52 கிலோ முடிச்சு

வீட்டில் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் கவலைகளில் முதலிடம் இதற்குத்தான்: "எதையாவது முழுங்கித் தொலைச்சிடுச்சோ?" ஜோடி சாக்ஸில் ஒன்றைக் காணவில்லை என்றால் போதும், வீடே இரண்டாகும். மாங்கொட்டை, கோழி எலும்பு, சோளக்கதிரின் தண்டு, ரிமோட்டுக்குள் இருக்கும் வட்ட பேட்டரி, குழந்தையின் ரப்பர் பந்து... நாய்க்கு எல்லாமே தீனி. பூனை வீட்டில் என்றால் ஊசியும் நூலும்.

இந்தக் கவலை நியாயமானதுதான். நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மலம் வரவில்லை, வயிற்றைத் தொட்டால் கத்துகிறது என்றால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விடக் கூடாது. உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் பாட்டி வைத்தியமும் ஆபத்து. பூனையின் வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. உள்ளே அது குடலைச் சுருக்குப் பை மாதிரி சுருக்கி வைத்திருக்கும், இழுத்தால் குடல் அறுந்து போகும். நேராக மருத்துவரிடம் போவதுதான் ஒரே வழி. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நாய் வளர்க்கும் வீடுகளில் பாதிப் பேருக்காவது இதெல்லாம் தெரிந்திருக்கும். பாராட்ட வேண்டிய விஷயம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். அதே வீடு. இரவு ஒன்பதரை மணி. நாய்க்கு எட்டாத உயரத்தில் சாக்ஸைத் தூக்கி வைத்துவிட்டு, மிச்ச சாம்பார் சாதத்தையும் வாழைப்பழத் தோலையும் ஒரு கவரில் போட்டு, நாற்றம் வராமல் இருக்க நன்றாக இறுக்கி இரண்டு முடிச்சும் போட்டு, தெருமுனைக் குப்பைத்தொட்டி பக்கமாக வீசிவிட்டு வருகிறார்கள். தொட்டிக்குள் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் கவரை யார் முழுங்குவார்கள் என்ற கவலை அந்த வீட்டில் யாருக்காவது உண்டா? 

திருமுல்லைவாயல் பசு

இது கற்பனைக் கேள்வி இல்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிற திருமுல்லைவாயலில் நடந்தது. 2019 அக்டோபர் மாதம். கன்று ஈன்று மூன்று வாரம் ஆன ஒரு பசு. மடி நிறையப் பால் இருக்க வேண்டிய நேரத்தில் மூன்று லிட்டர்தான் கறந்தது. பின்னங்காலால் தன் வயிற்றைத் தானே உதைத்துக்கொண்டது. சாணி போடவும் சிறுநீர் கழிக்கவும் திணறியது. சொந்தக்காரர் உள்ளூரில் காட்டிப் பார்த்து, கடைசியில் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனார். சோதித்துப் பார்த்தால் முதல் வயிற்றில் முக்கால்வாசிக்கு பிளாஸ்டிக்.

அறுவை சிகிச்சை ஐந்து மணி நேரத்துக்கு நடந்தது. வெளியே எடுத்தது 52 கிலோ. ஐம்பத்தி இரண்டு! வளர்ந்த ஒரு மனிதரின் எடை. மாட்டுக்காரருக்கு ஆன மருத்துவமனைக் கட்டணம் நூறு ரூபாய்க்கும் குறைவு. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இல் இந்தியாவின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகமாக உருவானதற்கு அடித்தளமே அந்தக் கல்லூரிதான். அப்படி ஒரு இடத்தில் இத்தனை பெரிய மருத்துவர்கள் ஒரு பகல் முழுக்க நின்று செய்த வேலை என்ன? குப்பை அள்ளியது! தெருவில் அள்ள வேண்டியதை ஒரு பசுவின் வயிற்றிலிருந்து அள்ளினார்கள்.

ஒரு சின்ன கணக்கு. 52 கிலோவில் பாதி, ஊறிப் போன தீவனமும் ஈரமும் என்று தள்ளிவிடலாம். மிச்சம் 26 கிலோ. ஒரு மெல்லிய கவர் 5 கிராம் என்றால் 5,200 கவர்கள். இரண்டு வருடத்தில் சேர்ந்தது என்று வைத்தால்கூட, நாளுக்கு ஏழு கவர். காலையில் மூன்று, சாயங்காலம் நாலு. மாத்திரை சாப்பிடுவது மாதிரி ஒழுங்காக!

மாடு முட்டாளா?

"மாட்டுக்கு அறிவில்லையா, பிளாஸ்டிக்கைப் போய் தின்னுது?" என்று சிரிப்பவர்கள் நிறைய. அவர்களுக்காக இந்தப் பத்தி.

நாய் மோந்து பார்த்து, கடித்து, பிடிக்காவிட்டால் துப்பும். மாடு அப்படித் தின்பதில்லை. நாக்கைச் சுழற்றி வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று, முதலில் உள்ளே தள்ளிவிடும். நிதானமாக உட்கார்ந்து மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசை போடுவது அப்புறம். புல்வெளியில் இது அருமையான ஏற்பாடு. தெருமுனையில் இதுவே எமன். கவருக்குள் சாதம் இருப்பது மூக்குக்குத் தெரிகிறது. கையில்லாத பிராணி முடிச்சை எப்படி அவிழ்க்கும்? முடிச்சோடு முழுங்குகிறது. மாட்டுக்கு வேண்டியது பிளாஸ்டிக் இல்லை, சாம்பார் சாதம். அதைப் பிளாஸ்டிக்கில் பார்சல் கட்டிக் கொடுத்தது மனுஷன்.

உள்ளே போன பிறகு? மாட்டு வயிற்றுக்கு நாலு அறை. முதல் அறை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய புளிக்க வைக்கும் தொட்டி. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையே கரைத்துவிடும், பாலிதீனைக் கரைக்காது. நன்றாகப் பொடியானதுதான் அடுத்த அறைக்குப் போக முடியும். பிளாஸ்டிக் பொடியாவதும் இல்லை, அசை போட மேலே வருவதும் இல்லை. அங்கேயே கிடந்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கயிறாகி, கயிறு உருண்டையாகி, உருண்டை கல்லாகிறது. இடம் அடைபட்டதால் மாட்டுக்கு வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும். தீனி குறையும், பால் குறையும். புளிப்பில் உண்டாகும் வாயு ஏப்பமாக வெளியேற முடியாமல் வயிறு பலூன் மாதிரி உப்பும். கொடுமை என்னவென்றால், வெளியில் பார்க்க மாடு கொழுகொழு என்று இருக்கும். உள்ளே பட்டினி.

இதில் அம்பத்தூருக்கு என்று ஒரு தனி ஆபத்தும் உண்டு. தொழிற்பேட்டையைச் சுற்றி எத்தனை லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை! ஒரு துண்டுக் கம்பி, ஒரு ஆணி குப்பையோடு மாட்டுக்குள் போனால், கனமாக இருப்பதால் இரண்டாவது அறையில் போய் உட்காரும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவில் உதரவிதானம் மட்டும்தான். வயிறு ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஆணி முன்னால் நகரும். கடைசியில் இதயத்தைச் சுற்றிய உறையில் குத்தி நிற்கும். இரும்புக்காவது ஒரு வழி இருக்கிறது. சில நாடுகளில் பண்ணைக்காரர்கள் மாட்டுக்கு ஒரு காந்தத்தையே முழுங்கக் கொடுத்துவிடுவார்கள். இரும்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். பிளாஸ்டிக்கைப் பிடித்து வைக்கக் காந்தம் கிடையாது. இடது விலாப் பக்கம் வயிற்றைக் கிழித்துக் கையை விட்டு அள்ளுவது ஒன்றுதான் வழி.

திருமுல்லைவாயல் பசு ஏதோ விதிவிலக்கு என்று ஆறுதல் அடைய வேண்டாம். 2021 பிப்ரவரியில் ஹரியானாவின் ஃபரிதாபாத்தில் விபத்தில் சிக்கிய ஒரு சினைப் பசுவின் வயிற்றிலிருந்து 71 கிலோ எடுத்தார்கள். பசுவும் பிழைக்கவில்லை, கன்றும் பிழைக்கவில்லை. ஆந்திராவில் புட்டபர்த்தியில் உள்ள கருணா சொசைட்டி தெருமாடுகளுக்கு இதே அறுவை சிகிச்சையைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப் போய், 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்கே வழக்குப் போனது. மாட்டோடு நிற்கவும் இல்லை. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்து போன கர்ப்பிணி யானையின் வயிற்றிலும் பிளாஸ்டிக் இருந்தது. காட்டு யானைக்கே பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாக்கு 1: "மாட்டை அவுத்து விட்டவன் தப்பு"

எல்லோருக்கும் முதலில் நாக்கு நுனியில் வரும் பதில் இது. பாதி உண்மையும் இருக்கிறது. பால் கறக்கும்வரை கறந்துவிட்டு, தீவனச் செலவை மிச்சம் பிடிக்க சி.டி.எச். ரோட்டில் மாட்டை விடுகிறவர் செய்வது தப்புதான். வண்டியில் போகிறவர்களுக்கும் ஆபத்து, மாட்டுக்கும் ஆபத்து. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கி எறிந்த காட்சியைப் பார்க்காதவர் இல்லை. அதன் பிறகு சென்னை மாநகராட்சி 2,000 ரூபாயாக இருந்த அபராதத்தை 5,000 ஆக்கியது, அப்புறம் இன்னும் ஏற்றியது. ஏற்றட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது?

ஆனால் ஒரு கேள்வி. மாட்டுக்காரருக்கு அபராதம். முடிச்சுப் போட்டு வீசியவருக்கு? மாட்டைப் பிடிக்க வண்டி வருகிறது, ஆள் வருகிறார்கள், கயிறு வருகிறது. கவர் வீசியவரைப் பிடிக்க யாராவது வந்து பார்த்ததுண்டா? ஒரே குற்றத்தில் இரண்டு பேர் பங்கு. ஒருவர் மட்டும் குற்றவாளி, இன்னொருவர் "குடியிருப்போர்"!

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பருத்திப்பட்டு எல்லாம் ஏரியும் வயலும் மேய்ச்சல் புறம்போக்குமாக இருந்த ஊர்கள். மாடு அங்கே நேற்று வந்து சேரவில்லை. மாடு மேய்ந்த இடத்தில்தான் பிளாட் போட்டு, "ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்" என்று விளம்பரம் பண்ணி, அடுக்குமாடி வந்தது. அந்த அடுக்குமாடியிலேயே "பாக்கெட் பால் பிடிக்காது, கறந்த பால்தான் வேணும்" என்று சொம்போடு நிற்பவர்களும் உண்டு. பால் மட்டும் வேண்டும், மாடு கண்ணில் படக் கூடாது. இது என்ன நியாயம் சார்?

சாக்கு 2: "அதான் தடை போட்டாச்சே"

போட்டாச்சு. 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது, சாப்பாட்டு மேசைத் தாள் கூடாது, உறிஞ்சுகுழல் கூடாது. திருமுல்லைவாயல் பசு வேப்பேரிக்குப் போனது அதே 2019 அக்டோபரில். தடை வந்து பத்தாவது மாதம்! பழைய கவர் வயிற்றிலேயே இருந்திருக்கும், சரி. அதற்கப்புறமாவது கவர் ஒழிந்ததா? காய்கறி வண்டியில், கறிக்கடையில், பூக்காரம்மா கூடையில் கேட்டுப் பாருங்கள். கேட்காமலேயே கொடுப்பார்கள்.

மத்திய அரசின் வழி இன்னும் வேடிக்கை. 1999-இல் 20 மைக்ரான், 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120. கவர் தடிமனாக இருந்தால் காசு கிடைக்கும், காசு கிடைத்தால் பொறுக்குபவர்கள் எடுத்துப் போவார்கள் என்பது அதன் தர்க்கம். பொருளாதாரப் பாடத்தில் மார்க் வாங்கும் பதில். ஆனால் மாட்டுக்கு ஸ்க்ரூ கேஜ் பிடிக்கத் தெரியாது. 50 மைக்ரானா 120 மைக்ரானா என்று அளந்து பார்த்து அது முழுங்குவதில்லை. உள்ளே சாதம் இருக்கிறதா என்பது மட்டும்தான் அதன் கேள்வி. தடிமனான கவரிலும் சாம்பார் ஊற்றி முடிச்சுப் போட்டால், பொறுக்குபவர் தொட மாட்டார், மாடு தொடும்.

ஆக, சட்டம் கவரின் தடிமனைப் பார்க்கிறது. கொல்வது கவருக்குள் இருக்கும் சாப்பாடும், அதற்கு மேல் போட்ட முடிச்சும்.

சாக்கு 3: "கவர் இல்லாம எப்படிங்க குப்பை போடறது?"

இதற்குப் பதில் சொல்ல அறிவியல் தேவையில்லை, பழைய வீட்டைக் கேட்டால் போதும். பாலிதீன் கவர் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்னாலும் ஜனங்கள் சாப்பிட்டார்கள், மிச்சமும் ஆனது. வாசலில் ஒரு கழுநீர்ப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மிச்ச சோறு எல்லாம் அதில். மாட்டுக்காரம்மா சாயங்காலம் வந்து வாளியில் ஊற்றிக்கொண்டு போவார். அதே சாப்பாடு, அதே மாடு. நடுவில் பிளாஸ்டிக் மட்டும் கிடையாது. பானை போய் கவர் வந்தது, அவ்வளவுதான் நடந்த "முன்னேற்றம்".

பானை திரும்ப வர வேண்டும் என்று யாரும் அடம் பிடிக்கவில்லை. மூடி போட்ட ஒரு வாளி போதும். ஈரக்குப்பை அதில். காலையில் குப்பை வண்டி வரும்போது நேராகக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவி வைத்தால் முடிந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. வண்டி வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை, தெருமுனைத் தொட்டிதான் கதி என்றால், கவரை அவிழ்த்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, காலிக் கவரை வீட்டுக்குக் கொண்டுபோய் உலர்குப்பையில் போடலாம். பத்து செகண்ட் வேலை. கை கொஞ்சம் நாறும். கழுவினால் போய்விடும். மாட்டு வயிற்றில் இருப்பது கழுவினால் போகாது.

சாக்கு 4: "ஹாஸ்டல் பசங்க நாங்க என்ன பண்றது?"

உண்மையில் முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள்தான். ஆவடி தாண்டியும் பூந்தமல்லி தாண்டியும் எத்தனை கல்லூரி, எத்தனை ஹாஸ்டல், எத்தனை பேச்சிலர் ரூம்! ராத்திரி பதினோரு மணி பரோட்டா பார்சலை ஒருமுறை பிரித்துப் பார்த்தால் தெரியும். சால்னா ஒரு கவரில், வெங்காயப் பச்சடி ஒரு கவரில், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்ட், எல்லாத்துக்கும் மேலே ஒரு பெரிய கவர். நாலு பேர் சாப்பிட்டால் ஒன்பது பத்து கவர். மிச்ச சால்னாவோடு எல்லாவற்றையும் அந்தப் பெரிய கவருக்குள்ளேயே திணித்து, மேலே ஒரு முடிச்சு. மாடியிலிருந்து ஒரே வீச்சு! "சிக்ஸர்" என்று கைதட்டல் வேறு.

சுற்றுச்சூழல் பாடத்தில் "உயிரியல் உருப்பெருக்கம்" பற்றி பதினாறு மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதுகிற அதே கைதான் அந்த முடிச்சையும் போடுகிறது. ரூமில் இருக்கும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் சந்தோஷமாகச் சால்னா ஊற்றுவார், இரண்டு கரண்டி சேர்த்தே ஊற்றுவார். வெட்கமாக இருக்கிறதாம். எதற்கு வெட்கப்படுவது என்பதில்தான் குழப்பம்.

அகத்திக்கீரையும் முடிச்சும்

அமாவாசை அன்று காலையில் கோயில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டு வாங்கி மாட்டுக்குக் கொடுத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடித்து, "பொங்கலோ பொங்கல்" என்று கத்துகிற ஊர். பாலில்லாமல் விடியாத ஊர். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கி வைத்தபோது ஏற்பாடெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மஞ்சப்பை வீட்டில் ஆணியில் தொங்குகிறது. கவர் மாட்டுக்குள் போகிறது.

பக்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் ஒரு நாள் அகத்திக்கீரை, மீதி இருபத்தொன்பது நாள் முடிச்சுப் போட்ட கவர் என்றால் அதற்குப் பெயர் பக்தி இல்லை. அமாவாசைக்குக் கீரை வாங்காவிட்டாலும் பரவாயில்லை, முடிச்சை மட்டும் அவிழ்த்து விடுங்கள். அந்த மாட்டுக்கு அதைவிடப் பெரிய பூஜை வேறு இல்லை.

மாநகராட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. மாட்டைப் பிடிக்கிற வண்டி ஓடும் அதே தெருவில், மூடியில்லாமல் வழிந்து கிடக்கும் தொட்டியை எடுக்கிற வண்டியும் நேரத்துக்கு ஓட வேண்டும். 2019 ஜூனில் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஆவடிக்கும் சரி, 2011-இல் சென்னையோடு சேர்ந்த அம்பத்தூருக்கும் சரி, பெயர்ப் பலகை மாறியது போதாது. தெருமுனைக் குப்பைமேடு இருக்கும்வரை மாடு அங்கேதான் வரும். குப்பைமேடு இல்லை என்றால் மாட்டுக்கு அங்கே என்ன வேலை? மாட்டுக்காரருக்கு அபராதம் எழுதும் நோட்டிலேயே, சாப்பாட்டோடு கவரைக் கட்டி வீசும் அடுக்குமாடிக்கும் ஓட்டலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். நாலு பேருக்கு ரசீது போனால் நாற்பது பேர் வாளி வாங்குவார்கள்.

நாய் சாக்ஸை முழுங்கினால் அன்றைக்கே தெரிந்துவிடும், பதறி ஓட ஒரு குடும்பம் இருக்கிறது. மாடு முழுங்கியது தெரிய இரண்டு வருடம் ஆகிறது. அதுவும் பால் குறைந்தால்தான் தெரிகிறது. அதற்குள் கிலோக்கணக்கில் சேர்ந்துவிடும். யார் வீட்டுக் கவர் என்று அதில் பெயர் எழுதியிருக்காது, அதனால்தான் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இன்றைக்கு ராத்திரியும் மிச்சம் விழும். அது வாளியில் விழுமா, முடிச்சுக்குள் விழுமா என்பதற்கு அரசாணை தேவையில்லை. பத்து செகண்ட் போதும்.